பாட்டு நிற்காத வீடு

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வல்லிபுரத்தின் பாட்டு வாவியைத் தாண்டாது. ஆரையம்பதியில் வாவிக்கரைக்குப் போகிற ஒழுங்கையின் கடைசி வளவு அவருடையது. வளவின் மூலைத் தென்னையில், வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையைப் பார்த்தபடி ஒரு ஹோர்ன் கட்டியிருக்கும். வாடைக் காலத்தில் அதில் ஒரு பாட்டைப் போட்டால் அக்கரையில் மாடு சாய்த்துப் போகிறவனும் தலையை ஆட்டுவான். கச்சான் தொடங்கிவிட்டால் அதே பாட்டு மடங்கி வந்து ஊருக்கு மேலால் கடற்பக்கம் போய்விடும். கடலுக்கு எதற்குப் பாட்டு என்று அவர் மனைவி கேதீஸ்வரி பகிடி பண்ணியதுண்டு. அதெல்லாம் கடல் ஊருக்குள் வருவதற்கு முந்திய கதை.

வல்லிபுரத்தின் தொழில் ஒலிபெருக்கி. கல்யாண வீடோ, கோயில் சடங்கோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, ஆரையம்பதியில் எதுவென்றாலும் அவருடைய பெட்டிதான் பாட வேண்டும். கூடவே இன்னொரு வேலையும் பார்த்தார். மட்டக்களப்பில் வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகையில் புதுப்படப் பாட்டுகளைப் பற்றி எழுதினார். இடைக்கிடை ஊர்க்கூத்து, கலைவிழா என்று அவற்றையும் விட்டுவைக்க மாட்டார். அவருடைய விமர்சனம் நடக்கிற விதமே தனி. காத்தான்குடியில் சீடிக் கடை வைத்திருக்கும் அஹமட் காக்காவிடம் புதிய சீடி வாங்கி வருவார். முதலில் வீட்டுக்குள் போட்டுக் கேதீஸ்வரியோடு இருந்து கேட்பார். பிறகு அந்தியில் ஹோர்னில் போடுவார். அந்த நேரம் பக்கத்து வளவுக் கந்தப்போடி தோணியில் நின்று வாவி நடுவே வலை இறக்கிக்கொண்டிருப்பார். விடிய வெள்ளாப்பில் மீனோடு கரைக்கு வந்ததும் அவர்தான் தீர்ப்புச் சொல்வது.

“பொம்பிளட குரல் வந்திச்சி. மத்தளம் வரல்ல. நடுவுல கோழி கத்தின மாதிரி ஒண்டு வந்திச்சி, அது என்ன?”

“அது புல்லாங்குழல் மச்சான்.”

“அப்ப அத எழுதாத.”

வல்லிபுரம் அதைத்தான் எழுதுவார். ‘இசையமைப்பாளர் பத்து வயலின் வைத்திருக்கிறார், வாவியின் நடுவே போய்ச் சேர்ந்தது இரண்டு’ என்று ஒருமுறை எழுதினார். பக்கத்து ஊர்க் கூத்து அரங்கேற்றத்தைப் பற்றி, ‘அண்ணாவியாரின் தொண்டைக்கு மைக் தேவைப்படவில்லை, இது என் தொழிலுக்கு நல்லதல்ல’ என்று எழுதினார். அதை வாசித்துவிட்டு அந்த அண்ணாவியாரே சைக்கிளில் தேடி வந்து வெற்றிலை தந்துவிட்டுப் போனார். எது எழுதினாலும் கேதீஸ்வரி கேட்டுச் சரி என்ற பிறகுதான் பத்திரிகைக்குப் போகும். அவளுக்கு ஒரு பாட்டை இரண்டு தரம் கேட்டால் போதும், மூச்சு எடுக்கிற இடம் முதற்கொண்டு சொல்லிவிடுவாள்.

ஒழுங்கையில் யாராவது கண்ணை மூடினால் ஹோர்னின் வாயில் சாக்கைக் கட்டிவிடுவார்கள். அது அந்த ஒழுங்கையின் வழக்கம். வீடுகளில் றேடியோவும் பாடாது. சொந்த வீட்டுச் சாவென்றால் முப்பத்தோராம் நாள் கழியும் வரை அந்த வீட்டில் பாட்டுச் சத்தமே இருக்கக் கூடாது.

கடல் வந்த காலையில் மூத்த மகள் கோபிகா கடற்கரைப் பக்கம் சின்னம்மா வீட்டில் நின்றாள். அந்த வீட்டில் கிணற்றுக் கட்டு மட்டும்தான் மிஞ்சியது. கோபிகாவைத் தாழம்பற்றைக்குள் எடுத்தார்கள். வல்லிபுரம் ஹோர்னுக்குச் சாக்குக் கட்டினார். அந்த முறை முப்பத்தொன்று முடிந்தும் அவர் அதை அவிழ்க்கவில்லை. அவிழ்க்கச் சொல்லவும் ஆளில்லை, ஏனென்றால் சாவில்லாத வீடு ஒழுங்கையில் இல்லை. ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்து சாக்கு உக்கி விழுந்த பிறகுதான் ஹோர்ன் திரும்பப் பாடியது. அந்த ஒரு வருடமும் பத்திரிகையிலும் அவருடைய பகுதி வரவில்லை. அது வராததைப் பார்த்தே வந்தாறுமூலை வரைக்கும் ஆட்கள் சாவு விசளம் அறிந்துகொண்டு வந்து துக்கம் விசாரித்தார்கள்.

அடுத்த வருடம் மகன் சிவதர்ஷன் இயக்கத்துக்குப் போனான். சேர்ந்தானா, சேர்த்தார்களா என்றால் அந்த நாட்களில் ஆளுக்கொரு பதில் இருந்தது. வன்னியில் நிற்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். அங்கிருந்து வந்த ஒருவரிடம், அப்பாவின் எழுத்து இங்கே வாசிக்கக் கிடைப்பதில்லை என்று சொல்லியனுப்பியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வன்னிச் செய்திகள் மோசமாக வரத் தொடங்கிய மாசியில் கேதீஸ்வரி குசினி யன்னலில் இருந்த றேடியோவைத் திருகினாள். திருகியவள் நிறுத்தவில்லை. விடிய எழும்பியதும் போடுவாள், படுக்கப் போகும்வரை பாடும். செய்தி தொடங்கினால் வேறு இடத்துக்குத் திருப்பிவிடுவாள். இறால் உடைக்கும்போதும் மாவு அரிக்கும்போதும் அவள் கை வேலையில் இருக்கும், காது யன்னலில் இருக்கும். கொஞ்சம் குறைத்து வைக்கலாமே என்று வல்லிபுரம் ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

“செத்த வீட்டிலதான் றேடியோ பாடாது,” என்றாள் அவள். “நம்மட வீடு பாடட்டும்.”

ஒருமுறை மத்தியானம் மின்சாரம் நின்று பாட்டும் நின்றது. கந்தப்போடியின் மனைவி ஆச்சிப்பிள்ளை மீன் கழுவிய ஈரக்கையோடு ஓடி வந்து வேலிக் கடப்படியில் நின்றாள். உள்ளே வரவுமில்லை, என்ன என்று கேட்கவுமில்லை. கேதீஸ்வரி குசினியிலிருந்தே சத்தம் வைத்தாள்.

“கறண்டுதான்கா போச்சு. வேற ஒண்டுமில்ல.”

ஆச்சிப்பிள்ளை நெஞ்சைத் தடவிக்கொண்டு திரும்பினாள். அன்று அந்தியே கேதீஸ்வரி பற்றரி வாங்கி வரச்சொல்லி அவரைக் கடைக்கு அனுப்பினாள்.

வைகாசியில் சண்டை முடிந்தது. சந்தியில் கொடி கட்டினார்கள், வெடி கொளுத்தினார்கள். வெற்றி விழாவுக்கு வல்லிபுரத்தின் பெட்டியும் ஹோர்னும் வேண்டுமென்று ஆள் வந்தது. மறுக்கிற காலமா அது. அவர் கேதீஸ்வரியைப் பார்த்தார். குடுங்க, நல்லாப் பாடட்டும் என்று அவள் சொன்னாள். அவரே ஹோர்னைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சந்தியில் கட்டினார். கூட்டச் சொன்னபோது கூட்டினார், குறைக்கச் சொன்னபோது குறைத்தார். வாழையிலையில் பாற்சோறு கொடுத்தார்கள், சாப்பிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தால் என்னென்ன பாட்டுப் போட்டோம் என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. அழுகை வந்திருந்தால் அழுதிருப்பார். வராமல் இருந்தது அவருக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவருடைய எழுத்து சப்பென்று போயிற்று. எந்தப் படமென்றாலும் இனிமையான மெட்டு, தெளிவான குரல், கேட்கக் கேட்கப் பிடிக்கும் என்று எழுதி அனுப்பினார். ஹோர்னில் பாட்டுப் போடுவார், கந்தப்போடி வந்து தீர்ப்புச் சொல்வார், இவர் ஓம் ஓம் என்பார், அதில் ஒரு சொல்லும் பத்திரிகைக்குப் போகாது. எல்லாப் பாட்டும் ஒரே சட்டிக் கறியாக இருக்கிறதே என்று அஹமட் காக்கா சாடைமாடையாகச் சொன்னார். கொஞ்சக் காலம் ஓய்வு எடுங்களேன் என்று ஆசிரியரும் கேட்டார். வேண்டாம் என்று வல்லிபுரம் அவசரமாக மறுத்தார். அந்தப் பகுதி ஒரு கிழமை நின்றால் போதும், ஆட்கள் வெள்ளை உடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். பிறகு கேதீஸ்வரியின் முகத்தில் எப்படி முழிப்பது.

இப்படியே ஒரு வருடம் போயிற்று. அடுத்த கச்சான் தொடங்கி, வளவெல்லாம் புழுதி பறந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் நிருஷா என்ற பிள்ளை வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். முகாமிலிருந்து விடப்பட்டு வந்து வந்தாறுமூலையில் பெரியம்மாவோடு இருக்கிறாளாம். கேதீஸ்வரி பின்வளவில் முருங்கைக்குக் கீழே இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். றேடியோவில் சவர்க்கார விளம்பரம் போனது.

“பாட்டப் பத்தி எழுதுறது நீங்கதானே மாமா?”

“ஓம் புள்ள.”

“தர்ஷன் அண்ணா சொல்லியிரிக்கார். எங்கட அப்பா பாட்டத் தண்ணியில விட்டுப் பாக்கிறவர் எண்டு சொல்லிச் சிரிப்பார்.” அவள் யன்னலைப் பார்த்தாள். “றேடியோவ ஒள்ளுப்பம் குறைக்கட்டா மாமா?”

“குறைக்க ஏலாது. நீ சொல்லு, எனக்குக் கேக்கும்.”

அவள் சொன்னாள். போன வருடம் சித்திரைக் கடைசியில் தண்ணீர் அள்ளப் போன இடத்தில் செல் விழுந்தது. அவன் பிறகு கண் முழிக்கவேயில்லை. அன்றே அவர்கள் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டியிருந்தது.

“நானும் இன்னொரு அக்காவும்தான் மண் போட்டம் மாமா. மண்வெட்டி இருக்கல்ல. கையாலதான் போட்டம்.”

வல்லிபுரம் தலையை ஆட்டினார். சவுண்ட் பிடிக்க வருகிறவர்கள் இடம், நேரம் சொல்லும்போது ஆட்டுகிற அதே ஆட்டம். ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

“என்ன உடுத்திருந்தான்?”

“நீலச் சாரன்.”

“ம்.”

“மாமிட்ட நான் சொல்லட்டா?”

“வேணாம் புள்ள. நான் சொல்றன்.”

கேதீஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். யார் இந்தப் பிள்ளை என்று கண்ணாலேயே கேட்டாள். கல்யாண வீட்டுக்குச் சவுண்ட் கேட்டு வந்தவ என்று வல்லிபுரத்தின் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்னதல்ல. அந்த வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் அதற்குத்தான் வருவார்கள்.

கேதீஸ்வரியின் முகம் மலர்ந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

“எப்ப புள்ள கல்யாணம்?”

நிருஷா கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள்.

“இன்னும் நாள் வைக்கல்ல மாமி.”

“வைச்சதும் வந்து சொல்லு. மாமா நல்ல பாட்டாப் போட்டுத் தருவார். இரு, இறால் பொரிக்கிறன், ஒரு வாய் திண்டிட்டுப் போ.”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் எழும்பினாள். பாதித் தேத்தண்ணி கோப்பையில் கிடந்தது. ஒழுங்கை முனை வரைக்கும் வல்லிபுரம் கூடப் போனார்.

அன்று மத்தியானம் சொல்ல நினைத்தார். அந்தியில் சொல்ல நினைத்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், அவள் வாய்க்குள் கூடவே பாடிக்கொண்டு சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். அதை எந்த இடத்தில் வெட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். வீடு பாடட்டும். துக்கத்தைத் தான் ஒருவனே காத்துவிடுவது. முப்பத்தோராம் நாள் மாமாங்கக் குளத்துக்குப் போய்த் தீர்த்தமாடி, ஆளில்லாத இடத்தில் பிண்டம் போட்டுவிட்டு வந்து, பிறகு அவளிடம் சொல்வது. பெற்ற தாய்க்குத் தெரியாமல் பிள்ளைக்குத் துடக்குக் காப்பது எந்த ஊரில் உண்டு என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவும் செய்தார். பிறகு அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டார்.

மீனைத் தொடவில்லை. வயிற்றில் கோளாறு, மருந்து முடியும்வரை மச்சம் கூடாதாம் என்றார். அவள் புளியாணமும் முருங்கையிலைச் சுண்டலும் செய்து கொடுத்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. பாட்டுத்தான் பெரிய கரைச்சல். காலை முதல் இரவு வரைக்கும் பாடுகிற வீட்டுக்குள் இருந்துகொண்டு பாட்டுக் கேட்காமல் இருப்பது எப்படி? ஆனால் அவருக்கு அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. ஒரு வருடமாக அரைவாசி அப்படித்தான் இருந்தார். பாட்டுத் தொடங்கியதும் மனத்தை எடுத்து நீலச் சாரனில் வைப்பார். அதற்குப் பிறகு றேடியோ வேறு யாருடைய வீட்டிலோ பாடுகிற மாதிரிப் போய்விடும்.

ஹோர்ன் வயர் கெட்டுப்போனதென்று அதையும் போடவில்லை. ஆனால் கிழமைக்கொன்று எழுதித்தானே ஆக வேண்டும். அஹமட் காக்கா கொடுத்த சீடியை உறை பிரிக்காமலே மேசையில் வைத்துக்கொண்டு, அட்டையில் இருந்த படத்தையும் பெயர்களையும் பார்த்து எழுதினார். அந்த மாதம் ஊரெல்லாம் பாடியது ஒரு பாட்டு. படத்தில் மழையும் குடையும் வருவதால் எல்லாரும் அதைக் குடைப் பாட்டு என்றார்கள். அட்டையில் கதாநாயகி குடை பிடித்துக்கொண்டு சிரித்தாள். ‘குடைப் பாட்டில் பாடகியின் குரல் முதல் மழைபோல இறங்குகிறது, இடையில் வரும் புல்லாங்குழல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது’ என்று வல்லிபுரம் எழுதினார். வாசித்துப் பார்க்க அவருக்கே நன்றாகத்தான் இருந்தது. அதைக் கேதீஸ்வரிக்குக் காட்டாமல் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அஹமட் காக்கா மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் அன்றைய பத்திரிகை. வரும்போதே சிரிப்பு. விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, பத்திரிகையை மடித்துத் தொடையில் அடித்தார்.

“என்ன தம்பி எழுதீரிக்கீங்க? கடைக்கு வாற பொடியனெல்லாம் சிரிக்கான். குடைப் பாட்டில எங்க பொம்பிளக் குரல் இரிக்கி?”

வல்லிபுரம் பத்திரிகையைப் பார்த்தார். கேதீஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள்.

“காட்டுங்க காக்கா,” என்று வாங்கி அவள் வாசித்தாள். விரலை வைத்து ஒரு தரம், விரலை எடுத்துவிட்டு ஒரு தரம் வாசித்தாள். அந்த நேரம் யன்னலில் வேறு ஏதோ பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

“அது ஆம்பிளதான் பாடுற,” என்றாள் மெதுவாக. “நடுவுல சின்னப் பிள்ளையள் சேந்து பாடும். புல்லாங்குழல் இல்ல. விடியவும் போகுது, பகலும் போகுது, அந்திக்கும் போகுது. இந்த வீட்டுக்குள்ளதானே பாடுது.”

அஹமட் காக்கா சிரிப்பை நிறுத்தினார். தான் ஏதோ மிதிக்கக் கூடாத இடத்தில் மிதித்துவிட்டது அவருக்கு விளங்கியது, என்னவென்றுதான் தெரியவில்லை. வயசு போனால் காது அப்படித்தான் என்று சமாளித்துப் பார்த்தார். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கணவனைத்தான் பார்த்தாள். எண்ணெய் காணாத தலையைப் பார்த்தாள், சவரம் செய்யாத தாடையைப் பார்த்தாள்.

“அந்தக் கல்யாணப் பிள்ள நாள் வைச்சிட்டாளா?” என்று கேட்டாள்.

வல்லிபுரத்துக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை.

“அது கல்யாணத்துக்கு வந்த பிள்ள இல்ல.”

தேத்தண்ணித் தட்டை அவள் விறாந்தைக் கட்டின்மேல் வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“எப்ப?”

“போன வருசம். சித்திரைக் கடைசி.”

“ஆரு மண் போட்ட?”

“அந்தப் பிள்ளதான். கையால போட்டிரிக்கு.”

அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயைத் துடைத்தாள்.

“நான் அவளுக்குத் தேத்தண்ணி மட்டும்தானே குடுத்தன்,” என்றாள்.

பிறகு குசினிக்குள் போனாள். பாட்டு சரணத்தின் நடுவில் நின்றது.

அதுவரைக்கும் அந்த வீட்டில் என்னென்ன சத்தம் இருந்தது என்பதே வல்லிபுரத்துக்கு மறந்துபோயிருந்தது. தென்னோலை உரசியது. வாவிக்கரையில் யாரோ தோணியில் தண்ணீர் இறைத்தார்கள். விறாந்தைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அஹமட் காக்கா தொப்பியைச் சரிசெய்து, இன்னாலில்லாஹி என்று வாய்க்குள் தொடங்கியதை அப்படியே முணுமுணுத்து முடித்தார். சட்டைப் பையிலிருந்த தொலைபேசியை எடுத்து, அது பாடிவிடக் கூடாதென்று நிறுத்தினார்.

ஆச்சிப்பிள்ளை கடப்படிக்கு வந்துவிட்டாள். இந்த முறையும் ஈரக்கைதான். குசினிப் பக்கம் பார்த்துக் காத்து நின்றாள். கறண்டுதான் போச்சு என்று ஒரு குரல் வர வேண்டும், வந்தால் திரும்பிப் போய்விடலாம். குரல் வரவில்லை. அவள் அண்ணாந்து விறாந்தையைப் பார்த்தாள். விசிறி சுற்றியது. அதைப் பார்த்ததும் கடப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள், விறாந்தையில் இருந்த இரண்டு ஆம்பிளைகளையும் கடந்து நேரே குசினிக்குள் போனாள். பிறகு ஆச்சிப்பிள்ளையின் குரல் எழும்பியது. கேதீஸ்வரியின் குரல் கேட்கவில்லை.

ஒழுங்கையில் ஒவ்வொரு றேடியோவாக நின்றது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. முன்வீட்டுக்காரர் இரண்டு கதிரையோடு வந்தார். அஹமட் காக்கா எழும்பி அவற்றை வாங்கி முற்றத்தில் வைத்தார். யார், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக இந்த நாளுக்கு எல்லாரும் ஆயத்தமாக இருந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் வல்லிபுரத்துக்குத் தெரிந்தது. ஆயத்தமில்லாமல் இருந்தது தானும் கேதீஸ்வரியும்தான் என்று நினைத்தார். அந்த நினைப்பும் வந்த வேகத்திலேயே போயிற்று.

கந்தப்போடி ஒரு உரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வல்லிபுரத்திடம் ஒன்றும் கேட்காமல், மீன் வெட்டுகிற கத்தியை இடுப்பிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தென்னையில் ஏறினார். அறுபது வயதில் ஏறக் கூடாத மரம். மேலே காற்று பலமாக இருந்தது. சாக்கு அவர் கையிலிருந்து இரண்டு தரம் பறக்கப் பார்த்தது.

கேதீஸ்வரி குசினி வாசலுக்கு வந்தாள். ஆச்சிப்பிள்ளை அவள் தோளைப் பிடித்திருந்தாள். கண் காய்ந்திருந்தது. அவள் தென்னையை அண்ணாந்து பார்த்துவிட்டு, கணவனுக்கு ஒரு வேலை சொன்னாள்.

“இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. கச்சான் காத்து.”

வல்லிபுரம் முற்றத்துக்கு இறங்கிப் போய்த் தென்னைக்குக் கீழே நின்றார். இரண்டு கையையும் தூக்கி, முடிச்சைப் போட்டு இழுப்பதுபோலக் காட்டினார். கந்தப்போடி மேலிருந்து பார்த்துவிட்டு, இன்னொரு முடிச்சுப் போட்டார்.